போறேன் என்ற ஜெர்மன் சொல்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ரிஷி ஜெர்மன் வகுப்பு நடத்தினான். அங்கே நர்ஸ் லோகேஸ்வரியின் மானத்தை வாங்கியது ஒரே ஒரு வினைச்சொல். கேயென், அதாவது போவது. பார்க்கப் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். பழகினால்தான் அதன் திமிர் தெரியும்.

"இஷ் கேயெ நாக் கிள்ளான்" என்று அவள் முதலில் சொன்னபோது, "செந்தூல்லேருந்து கிள்ளானுக்கு நடந்தேவாக்கா? கால் என்னத்துக்கு ஆகும் லா!" என்றான் ரிஷி. கேயென் என்றால் நடந்து போவதாம். வண்டியில் போனால் ஃபாரென். போய்விட்டேன் என்பதற்கு மற்ற பல வினைகளுக்குப் போல ‘வைத்திருக்கிறேன்’ சேர்த்தால் தப்பு, ‘இருக்கிறேன்’ சேர்க்க வேண்டுமாம். போன பிறகு எங்கே இருப்பது? கேட்டால் ரிஷிக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் அவள் எப்படியோ விழுங்கித் தொலைத்தாள். ஆனால் விடைபெறும்போது மட்டும் ‘இஷ் கேயெ’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘இஷ் கொம்மெ’, வரேன், என்றே வந்து விழுந்தது.

"அக்கா, வரேன்னு சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போயிட்டா, பேஷண்ட் விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் கெடப்பாரு. நாளைக்கு இன்டர்வியூல இப்படி உளறினீங்க, ஜெர்மனி வேலை போச்சு."

அவள் மட்டும் என்ன செய்வாள்? செந்தூல் ஃபிளாட்டில் அவளும் அம்மா வீரம்மாவும்தான். வாசலில் நின்று ‘போறேன்’ என்றால் அம்மா விடமாட்டாள். உள்ளே இழுத்து உட்காரவைத்து, ‘வரேன்’ என்று சொல்லவைத்த பிறகுதான் செருப்பை மாட்டவிடுவாள்.

அன்று சாயங்காலம் லோகேஸ்வரி கண்ணாடி முன் நின்று "இஷ் கே... கே..." என்று திணறினாள்.

"என்னடி, கோழியாட்டம் கே கேங்குற? என்ன அர்த்தம்?" என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த வீரம்மா.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். "போறேன்னு அர்த்தம்மா."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. வீரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா இந்த வாசல்ல நின்னு, ‘வரேன் வீரம்மா’ன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. செராஸ்ல எவளோடயோ குடும்பம் நடத்திக்கிட்டு, இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு அந்த மனுஷன். நீயாவது போறேன்னு சொல்லிட்டுப் போடி."

லோகேஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, "இஷ் கேயெ, அம்மா" என்றாள். ஓரெழுத்துகூடப் பிசகவில்லை.