முந்தின ஜெபம்

எழுமலை சபைச் செயலாளர் இன்பசேகரனுக்கு அன்று வானத்தின் மேல்தான் கோபம். நற்செய்திக் கூட்டத்துக்காக மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, மதுரையிலிருந்து பிரசங்கியாரையும் வரவழைத்தாகிவிட்டது. கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்து மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. 'தேவனுடைய ஞானம்' என்று எழுதிய பிளெக்ஸ் பேனர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

இன்பசேகரன் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. ஆண்டவர் இந்த மழையைத் தள்ளிப்போடணும்னு ஜெபிப்போம்."

முன்வரிசையிலிருந்த ஜெனி டீச்சர் கண்ணை மூடவில்லை.

"அண்ணே, போன வெள்ளிக்கிழமை மழை வேணும்னு உபவாச ஜெபம் வச்சதே நீங்கதான. மக்காச்சோளம் அம்புட்டும் கருகுதுன்னு முழங்கால்ல நின்னு அழுதீங்க. இப்ப ஆண்டவர் எந்த ஜெபத்தைக் கேக்கணும்?"

பந்தலே சிரித்தது. இன்பசேகரனுக்குச் சுருக்கென்றது. மழை கேட்டது உண்மை, அழுததும் உண்மை. பந்தல் வேலையில் இறங்கியதும் அதை அடியோடு மறந்துபோயிருந்தார்.

முதல் துளி அவர் வழுக்கையில் விழுந்தது. அடுத்த நிமிஷமே மழை கொட்டியது. மைக் செட்காரர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். மைதானத்துக்கு அப்பால், வாடிக் கிடந்த இன்பசேகரனுடைய மக்காச்சோளத் தட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. பிரசங்கியார் உட்பட எல்லாரும் அவருடைய ஜெபத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இன்பசேகரன் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இப்பக் கேக்க வந்ததைக் காதுல வாங்காதிரும். போன வெள்ளிக்கிழமை கேட்டதையே வச்சுக்கும்."