நாற்பத்தைந்து பாகை

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை மாலை, நகர விளையாட்டுக் கழகத்தின் திடலில் நடந்த பயிற்சியில், தங்கை எறிந்த நான்கு கிலோ இரும்புக் குண்டு பதினொரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் தொலைவில் விழுந்தது. அதுவரை கழகத்தில் எந்தப் பெண்ணும் பதினொரு மீட்டர் நாற்பத்திரண்டைத் தாண்டியதில்லை. அந்த நாற்பத்திரண்டு அக்காவினுடையது. மண்டலப் போட்டிக்குக் கழகம் ஒரே ஒருத்தியைத்தான் அனுப்பலாம். ஏழு ஆண்டுகளாக அந்த ஒருத்தி அக்காவாகவே இருந்தாள்.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவளும் அவளே. எண்ணைப் பிழையின்றிப் படித்தாள். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் அவளுக்கு எண்களைத் திரிக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் அவள் கணவர், கழகத்தின் பயிற்சியாளர், கைதட்டினார். திருமணமான நாள் முதல் அவளுடைய எறிதலுக்கு அவர் தலையை அசைத்திருக்கிறார், கைதட்டியதில்லை.

"சிலிண்டர் தூக்கித் தூக்கி, குண்டு உனக்கு எலுமிச்சம்பழமாப் போச்சா?" என்றார் அவர். எரிவாயுக் கிடங்கில் உருளைகளை ஏற்றி இறக்குவது தங்கையின் வேலை.

"போங்க மாமா, ஏதோ கை வழுக்கிடுச்சு."

அந்த வழுக்கல்தான் அக்காவின் வயிற்றில் நெருப்பை வைத்தது. ஏழு ஆண்டுகள் வியர்வை சிந்திப் பெற்றதை இவள் கை வழுக்கிப் பெறுவதா? இவள் எறிதலில் அழகாவது உண்டா? அக்காவின் குண்டு உயர எழுந்து, வளைந்து, மரியாதையுடன் இறங்கும். தங்கையின் குண்டோ வேலியை முட்டப் போகும் எருமையைப் போலத் தாழ்வாகவே பாய்ந்தது. அழகை அளப்பதற்கு நாடா இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"உன் குண்டு ரொம்பத் தாழப் போகுதுடி. நாற்பத்தஞ்சு டிகிரியில எறிஞ்சாத்தான் அதிக தூரம் போகும். புத்தகத்துலேயே இருக்கு."

"நெஜமாவா? அப்போ பன்னிரண்டு தாண்டுமாக்கா?"

"ஏன் தாண்டாது?"

புத்தகத்தில் அவ்வாறே இருந்தது. ஆனால் அங்கே அதற்கு இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் எறிந்தாலும் வேகம் மாறாதிருக்க வேண்டும். குண்டு தரையிலிருந்து புறப்படுவதில்லை. தோளுக்கும் மேலே, ஏறத்தாழ ஆள் உயரத்திலிருந்து புறப்படுகிறது. மனிதக் கையோ முன்னோக்கித் தள்ளுவதில் வலியது, மேல்நோக்கித் தள்ளுவதில் அவ்வளவு வலியதன்று; கோணம் உயர உயர வேகம் குறைகிறது. எனவே குண்டு எறிபவருக்கு உகந்த கோணம் நாற்பதுக்கும் கீழேதான் அமையும். அக்கா இந்த நிபந்தனைகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, விட்டுவிட்ட மாணவிகளுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பவள். அன்று அவளே விட்டுவிட்டாள்.

தங்கை சொல்பேச்சுக் கேட்பவள். இரண்டு கம்பங்களுக்கிடையே உயரமாகக் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலாகக் குண்டை அனுப்பப் பழகினாள். குண்டு இப்போது அழகாக எழுந்தது, அழகாக வளைந்தது, பதினொன்றைத் தொடாமல் விழுந்தது. சில நாட்களில் பத்தரைக்கு இறங்கியது. பின்னர் பத்துக்கு. அக்கா ஒவ்வொரு முறையும் எண்ணைத் தெளிவாக, சற்றே இரக்கம் கலந்த குரலில் படித்தாள். நாவில் அந்த எண்கள் தித்தித்தன.

குழாயடியில் முகம் கழுவும்போது தங்கை கேட்டாள்: "கொஞ்ச நாள்ல பழகிடும்லக்கா? மாமாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. பன்னிரண்டு போட்டதும் அவர் வாயைப் பிளக்கணும்."

"பழகிடும்," என்றாள் அக்கா. முன்பு சொன்னது பாதி உண்மை. இது முழுப் பொய்.

பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. மண்டலப் போட்டிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், தங்கையின் எறிதலைக் கைப்பேசியில் பதிவுசெய்து, இருவரையும் கழக அறைக்கு அழைத்துக் கணினித் திரையில் படம் படமாக நிறுத்திப் பார்த்தார். குண்டு கையை விட்டதும் இருந்த இடங்களைப் புள்ளியிட்டு, மனைவியின் கைப்பையிலிருந்த கோணமானியை எடுத்துத் திரையில் வைத்தார்.

"நாற்பத்தஞ்சு! இம்மிகூடப் பிசகலை. ஏம்மா, சிலிண்டர் கிடங்குல உனக்கு டிகிரி கணக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"யாரும் இல்ல மாமா. நானாத்தான் பண்ணிப் பார்த்தேன்," என்றாள் தங்கை, அக்காவின் பக்கம் திரும்பாமலே.

அவர் மனைவியைப் பார்த்தார். "டீச்சரம்மா, நாற்பத்தஞ்சு சரியான கோணம்தானே? பின்னே ஏன் குண்டு இப்படித் தொபுக்குன்னு விழுது?"

'இன்னும் பழக வேண்டும்' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அக்கா வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் தங்கை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்ற தோரணையை அவளால் சகிக்க முடியவில்லை. தொலைவில் தோற்றாயிற்று, கைதட்டலில் தோற்றாயிற்று, பெருந்தன்மையிலுமா இவளிடம் தோற்க வேண்டும்? உண்மையைச் சொல்ல அவளைத் தூண்டியது மனச்சாட்சியன்று, அதே பொறாமைதான்.

சுண்ணக்கட்டியை எடுத்தாள். அறையின் பலகையில் தோள் உயரத்தை வரைந்தாள். இரண்டு வளைவுகளை வரைந்தாள். விட்டுப்போன இரு நிபந்தனைகளையும் வகுப்பில் சொல்வது போலவே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அவ முன்னாடி எறிஞ்சதுதான் சரி. மாத்தச் சொன்னது நான்."



"இதெல்லாம் அன்னைக்கே உனக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை.

"தெரியும்."

"அப்புறம் ஏன் பாதியோட நிறுத்தினே?"

"முழுசாச் சொன்னா நீ ஜெயிச்சுடுவே."

"போட்டிக்கு வராதேடின்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேனேக்கா!"

"அதுதான் எனக்கு வேண்டாம். நீ போட்ட பிச்சையில நான் போகணுமா?"

"ஓ! பிச்சைன்னா கேவலம், திருட்டுன்னா கௌரவமா?"

 பயிற்சியாளர் கணினியை அணைத்தார். தங்கை வெளியே சென்று, கம்பங்களிலிருந்த கயிற்றை அவிழ்க்கப் பொறுமையின்றி அறுத்தெறிந்தாள்.

பயிற்சியாளர் இருவருக்கும் உறவினர் என்பதால், தேர்வை நடத்தும் பொறுப்பைக் கழகச் செயலாளர் ஏற்றார். தங்கைக்குப் பழைய முறை திரும்புவதற்காகத் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் ஒன்பதாம் நாள் தங்கை பதினொரு மீட்டர் நாற்பத்தெட்டும், அக்கா பதினொரு மீட்டர் முப்பத்தொன்றும் எறிந்தனர். மண்டலப் போட்டிக்குத் தங்கையை அனுப்புவதென முடிவாயிற்று. மாற்று வீராங்கனையாக அக்காவின் பெயர் சேர்க்கப்பட்டது. தங்கை அதனை எதிர்த்தாள், செயலாளர் ஏற்கவில்லை. தங்கையின் எறிதலை அக்கா இனி அளக்கவோ திருத்தவோ கூடாது என்பதை அக்காவே ஒப்புக்கொண்டாள். பொறாமை தீர்ந்துவிட்டதாக அவள் யாரிடமும் கூறவில்லை. அக்கா காலையிலும் தங்கை மாலையிலும் தனித்தனியே பயிற்சி செய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது.