தோல்பைக்கு ஒரு நாற்காலி

"சாப்பாட்டு நேரத்துல உனக்கு என்னம்மா காலேஜு?" என்று மாமியார் கேட்டபோது அவர் கையில் கரண்டி இருந்தது. அடிப்பதற்கு அல்ல. ஆனாலும் கரண்டியோடு கேட்கிற கேள்வி கொஞ்சம் கனமாகத்தான் வந்து விழும்.

"அவங்க ஊர்ல அப்பதான் அத்தை விடியும். அவங்க வகுப்பு ஆரம்பிக்கிற நேரம் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரமா இருக்கு," என்றாள் மருமகள்.

"அவங்களைக் கொஞ்சம் லேட்டா விடியச் சொல்லுங்க அண்ணி," என்றான் கொழுந்தன். அந்த வீட்டில் யோசனை சொல்வது அவன் வேலை. வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். மருமகள் வீட்டு உள்வடிவமைப்புப் படிப்பில் கடைசி வருடம். பாதிப் படிப்பில் கல்யாணம் நடந்தது. மீதியை முடிக்கலாம் என்று மாமனார் பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தார். அந்தப் பெரிய மனதைப் பற்றித் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. கல்லூரி இப்போது வேறொரு நாட்டுக் கல்லூரியோடு கைகோத்து இணையவழிக் கூட்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தது. இங்கே ஒரு மாணவி, அங்கே ஒரு மாணவி என்று ஜோடி சேர்ப்பார்கள். ஒருத்தி வீட்டை இன்னொருத்தி திரை வழியாகப் பார்த்து, அந்த வீட்டுக்கு ஏற்ற ஒரு இருக்கையோ மேஜையோ வடிவமைக்க வேண்டும். தொடக்க விழாவில் கல்லூரி முதல்வர், உலகமே இனி ஒரே வகுப்பறை என்று நெடுநேரம் பேசினார். அவருடைய ஒலிவாங்கி அணைந்திருந்ததை அந்த நாட்டுக்காரர்கள்தான் எழுதிக் காட்டினார்கள்.

மதிப்பெண் இருவருக்கும் பொது. ஒருத்தி அமர்வுகளுக்கு வராவிட்டால் இருவருக்கும் இல்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. சாப்பாட்டு நேரத்தை வீட்டார் விட்டுக்கொடுக்காவிட்டால், முகம் தெரியாத ஒரு பெண்ணின் படிப்பும் சேர்ந்து மூழ்கும் என்பதுதான் மருமகளின் கவலை.

வழக்கு மாமனாரிடம் போயிற்று. அவரை எல்லாரும் 'தலைவர்' என்றே அழைப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். அலுவலகத்தில் முப்பது வருடம் இன்னொருவர் தலைவராக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால், இந்தப் பதவியை அவர் ஒரு நிமிடம்கூடக் கழற்றி வைப்பதில்லை. சங்க ஆண்டு விழாவில் பெண் சமத்துவம் பற்றி அவர் ஆற்றிய உரை பிரசித்தம். அன்று அரங்கம் முழுவதற்கும் தேநீர் போட்டுக் கொடுத்தவள் மருமகள் என்பதால் அவளுக்கு மட்டும் அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "படிப்பும் நிக்கக் கூடாது, சாப்பாடும் நிக்கக் கூடாது. ரெண்டையும் சேர்த்தே பாத்துக்கட்டும்."

ஆக, நிற்க வேண்டியவள் மருமகள் மட்டும்தான். அது அவளுக்குப் பழக்கம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் நின்று பரிமாறுவாள்; அவர்கள் எழுந்த பிறகு சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவாள். இப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே நடப்பதால்தான் அதை மாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

முதல் அமர்வன்று அடுப்புக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில், தேயிலை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். திரையில் குட்டை முடியும் வாயில் ரொட்டியுமாக ஒரு பெண் தோன்றினாள். பேச்சு ஆங்கிலத்தில். அது இரண்டு பேருக்கும் இரவல் மொழி என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"மாமா, அத்தை, என் கணவர், அவர் தம்பி, நான்."

"சாப்பாட்டு மேஜைக்கு எத்தனை நாற்காலி?"

"ஆறு."

"தண்ணி," என்று கூடத்திலிருந்து தலைவரின் குரல். மருமகள் போய் ஊற்றிவிட்டு வந்தாள். ஜக்கு அவர் முழங்கையில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

"நீ எங்கே உட்காருவாய்?" என்றாள் கூட்டாளி.

"எனக்கு இப்போது பசி இல்லை."

"நான் பசியைக் கேட்கவில்லை. நாற்காலியைக் கேட்டேன்."

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "இடம் இல்லை," என்றாள்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது நாற்காலியில் இஸ்திரி போட்ட துணி இருந்தது. ஆறாவதில், தலைவரின் வலப்பக்கம், அவருடைய தோல்பை இருந்தது. சங்கத்தின் முத்திரையும் கோப்புகளும் உள்ள பை. தரையில் வைத்தால் தூசி படும், கட்டிலில் வைத்தால் மரியாதை இல்லை. மாலையில் அவர் வீடு திரும்பியதும் முதலில் அதை உட்கார வைப்பார். பிறகுதான் தான் உட்காருவார்.

வாரங்கள் போயின. கூட்டாளி தினமும் ரொட்டி தின்றபடி, சமையலறை வாசல் வழியே கூடத்து மேஜை வரைக்கும் பார்த்தாள். மருமகள் பரிமாறுவதைப் பார்த்தாள், ஒரு கவளம் வாயில் போடுவதைப் பார்த்தாள், "உப்பு" என்று குரல் வந்ததும் அதை மென்றுகொண்டே ஓடுவதைப் பார்த்தாள். ஒருநாள் கணவனே சமையலறை வாசலில் தலை நீட்டி, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டான். நல்ல மனிதன். கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் போய்விடுவான், அவ்வளவுதான் குறை.

"நின்றுகொண்டு சாப்பிடுவது உனக்குப் பிடிக்குமா?" என்று கூட்டாளி கேட்டாள்.

"பிடிக்கும்."

கூட்டாளி அதைக் குறித்துக்கொண்டாள். ஆனால் அவர்களுடைய பேராசிரியை ஒரு விதி போட்டிருந்தார்: வீட்டார் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள், வரையும்போது மட்டும் கண்ணால் பார்த்ததை வரையுங்கள்.

அந்த விதி இரண்டு பக்கமும் வெட்டியது. கூட்டாளியின் ஜன்னலுக்கு வெளியே தினமும் ஒரு கார் வந்து நிற்பதை மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யார்?"

"அம்மா. மருத்துவமனையில் இரவு வேலை. காரை நிறுத்துகிறார்."

"கார் நின்று வெகு நேரம் ஆகிவிட்டதே. உள்ளே உட்கார்ந்து டப்பாவிலிருந்து ஏதோ சாப்பிடுகிறார் போலிருக்கிறது."

கூட்டாளி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. அவள் பிறந்ததிலிருந்து அந்த ஜன்னல் அங்கேதான் இருந்திருக்கும். "வீட்டுக்குள் வந்தால் ஆளுக்கு ஒரு வேலை சொல்வோம். அதனால் இருக்கலாம்," என்று மெதுவாகச் சொன்னாள்.

இறுதி நாள் வந்தது. வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் கணினியை இணைத்துக் கொடுத்தான் கொழுந்தன். தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டார். நம் வீட்டுக்காக வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வடிவமைப்புச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சங்கச் செயலாளரையும் அழைத்து வந்து சோபாவில் உட்கார வைத்திருந்தார். மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் முறை வந்ததும் பேசினாள். கூட்டாளியின் வீட்டு வாசல் ஓரம், காரிலிருந்து இறங்கினால் இரண்டு எட்டில் உட்காருவது போல ஒரு சின்ன மேஜையும் இரண்டு இருக்கையும் வரைந்திருந்தாள். "இரண்டாவது இருக்கை மகளுக்கு. பேச்சுத் துணைக்கு மட்டும், வேலை சொல்லக் கூடாது," என்றாள். அங்கே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு கூட்டாளியின் முறை. திரையில் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை, மேலிருந்து பார்ப்பது போல விரிந்தது. ஆறு நாற்காலி, ஆறு நிறம். ஒவ்வொன்றிலும் உட்காருபவர் பெயர். அப்பா, அம்மா, மூத்த மகன், இளைய மகன், துணி, பை.

தலைவர் பெருமையோடு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் திரையைப் பார்த்தார்.

"பை என்பவர் யார்? குடும்பத்தில் மூத்தவரா?" என்று அந்த ஊர்ப் பேராசிரியை கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"அவர் பேசி நான் கேட்டதில்லை," என்றாள் கூட்டாளி. "ஆனால் தினமும் முதலில் உட்காருகிறவர் அவர்தான்."

கொழுந்தனுக்குத் தேநீர் புரையேறியது. கணவன் அவன் முதுகில் தட்டினான்; தேவைக்கு மேல் நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தான், அதுவரை தலை நிமிர்ந்து யாரையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

அடுத்த படம் சமையலறை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கீல் வைத்த ஒரு பலகை. வேண்டும்போது கீழே இறக்கினால் இருக்கை, வேண்டாதபோது மடக்கினால் சுவர். வளைவுகள் அழகாக இருந்தன. கூட்டாளி விளக்கினாள்: "இங்கே இருப்பவர் நின்றபடி, விட்டு விட்டுச் சாப்பிடுகிறார். பிடித்துத்தான் செய்வதாகச் சொல்கிறார். ஆனால் இடையிடையே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொள்கிறார். அந்தக் கால்களுக்காக இதைச் செய்தேன்."

இரண்டு நாட்டு வகுப்புகளும் கைதட்டின. கூடத்தில் செயலாளர் காலிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் கூசியிருப்பார்கள். தலைவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் பெண்கள் மேல உலகமே எவ்ளோ அக்கறையா இருக்குன்னு பாத்தீங்களா, செயலாளரே? இந்த வடிவமைப்பை இந்த வாரமே, அப்படியே, என் சொந்தச் செலவுல செஞ்சு முடிக்கிறேன்." கணினியைப் பார்த்து அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். செயலாளர் கைதட்டினார். அன்று இரவே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பலகையின் படமும் தலைவரின் படமும் வந்தன. தலைவரின் படம் கொஞ்சம் பெரிது.

"கால் வலிக்கு நல்லதுதான்," என்றார் மாமியார், பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே. பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "என் காலத்துல இந்தப் பலகைகூட இல்ல," என்றார்.

பட்டத்துக்கு வேண்டிய மதிப்பெண் இருவருக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் மறுநாள் கூட்டாளியிடமிருந்து செய்தி வந்தது. 'நான் தவறு செய்துவிட்டேனா? மேஜையிலேயே உனக்கு ஓர் இடம் வரையத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் கண்ணால் பார்த்தது அது இல்லையே.'

மருமகள் பதில் எழுதினாள். 'பார்த்ததைச் சரியாகத்தான் வரைந்தாய். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

வார இறுதிக்குள் தச்சர் பலகையும் கீலும் கொண்டுவந்தார். பகல் வேளை, ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். தச்சர் சமையலறைப் பக்கம் நடந்தார்.

"அங்க வேணாம்ணே. இங்க, கூடத்துல. மாமா நாற்காலிக்குப் பின்னாடிச் சுவர்ல," என்றாள் மருமகள்.

"இங்கயா? நெருக்கமா இருக்கும்மா. உக்காந்தா காலை நீட்ட முடியாது."

"இதுல உக்காரப்போறவருக்குக் கால் இல்லண்ணே."

தச்சர் அவளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், பொதுவாகப் பெரிய வீட்டு விவகாரங்களில் கேள்வி கேட்பதில்லை என்ற தன் கொள்கைக்குத் திரும்பினார். "சரி, எவ்ளோ கனம் தாங்கணும்?"

"சங்கத்தோட கனம்."

மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் அதை அப்போதுதான் கவனித்தாள்.

"அவரு கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் மாமியார்.

"அந்தப் பலகையைச் செஞ்சு மாட்டுறதா மாமாதானே அத்தை குரூப்ல போட்டாரு."

"போட்டாரு." மாமியார் யோசித்தார். "எந்தச் சுவர்னு போடல." பிறகு தச்சர் பக்கம் திரும்பி, "திருகாணியை நல்லா முடுக்கி விடுப்பா, நாளைக்கே கழண்டு வரக் கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை தலைவர் தோல்பையோடு வந்தார். வலப்பக்க நாற்காலியை நோக்கிக் கை நீண்டபோது மருமகள் பையை வாங்கிக்கொண்டாள். "இனி உங்க பைக்குத் தனி இடம் மாமா. வெளிநாட்டு வடிவமைப்பு," என்று சொல்லிப் பலகையை இறக்கி அதன் மேல் வைத்தாள். பை அங்கே அழகாகத்தான் இருந்தது. ஒரு விழா மேடையில் இருப்பது போல இருந்தது. தலைவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மரியாதை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மருமகள் பாத்திரங்களை எல்லாம் மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். ஆறாவது நாற்காலியை இழுத்தாள், தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் மெத்தை பையின் கனத்தில் பள்ளமாகியிருந்தது. உட்கார வசதியாகவே இல்லை.

"அண்ணி, பசி வந்துடுச்சா?" என்றான் கொழுந்தன்.

"வந்துடுச்சு தம்பி."

கணவன் உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அதற்கு அவனுக்குப் பெரிய தைரியம் தேவைப்பட்டது என்பது அவன் காது சிவந்ததில் தெரிந்தது.

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சங்கத்துக் குழுவில் பலகையின் படம் போட்ட நாளிலிருந்து பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன, வாய் மூடிக்கொண்டது. கை மட்டும் பழக்கப்படி டம்ளரைத் தூக்கித் தோளுக்குப் பின்னால், அவள் வழக்கமாக நிற்கிற இடத்தை நோக்கி நீட்டியது.

"தண்ணி."

பின்னால் பைதான் இருந்தது. டம்ளர் அந்தரத்தில் நின்றது. மாமியார் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. மருமகள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். இடக்கையால் ஜக்கை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.