பலகைக்கு இந்தப் பக்கம் தேவ சித்தம்

அண்ணனும் தம்பியும் ஒரே தையல் கடையில் பிழைத்தார்கள். தம்பி வெட்டுவான், அண்ணன் தைப்பான். தொழிலில் குறையில்லை, வாயில்தான் கோளாறு.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தது. உலகம் உண்டாகும் முன்பே கர்த்தர் எல்லாவற்றையும் குறித்துவிட்டார் என்றான் அண்ணன். "அப்ப மனுஷன் என்ன, சாவி கொடுத்த பொம்மையா? சுயசித்தத்தை அவர்தானே கொடுத்தார்?" என்று பாய்ந்தான் தம்பி. வசனத்துக்கு வசனம் வீசிக்கொண்டார்கள். சாப்பாடு ஆறியது, அவர்கள் ஆறவில்லை. மறுநாள் கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு எழும்பியது. துணி கொண்டுவருகிறவர்கள் அந்தப் பக்கம் வெட்டி வாங்கி, தெருவுக்கு வந்து, வாசல் மாறி, இந்தப் பக்கம் தைக்கக் கொடுத்தார்கள்.

அண்ணன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, எல்லாம் அவர் குறிச்சதுன்னா இந்தச் சண்டையும் அவர் குறிச்சதுதானே? தம்பி மேல ஏன் கோபம்?"

"அது அவன் திமிரு. வேணும்னே பண்ணான்."

தடுப்பைச் சுற்றிக்கொண்டு கொழுந்தனிடம் போனாள். "எல்லாம் மனுஷன் இஷ்டம்னா, நீங்க இஷ்டப்பட்டு ஒரு வார்த்தை பேசக்கூடாதா தம்பி?"

"அண்ணன் பேச விட்டாதானே அண்ணி? என் கையில என்ன இருக்கு?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் தொழில்காரர்கள்தான். வேதத்தையும் தங்கள் அளவுக்கு வெட்டித் தைத்து மாட்டிக்கொண்டார்கள்!

அந்த வருஷம் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. பெண் குழந்தை, ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் தம்பி சுவரில் சாய்ந்து கிடந்தான். "எல்லாம் அவர் கையில. கொடுத்தா கொடுக்கட்டும், எடுத்தா எடுக்கட்டும்" என்று முனகினான். அண்ணனோ நர்ஸ் பின்னாலேயே ஓடினான். "பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கம்மா! முயற்சி பண்ணாத்தானே பிழைக்கும்? சும்மா நிக்காதீங்க!"

"நாங்க பண்ண வேண்டியதைப் பண்றோம். நீங்க போய் ஜெபம் பண்ணுங்க" என்றாள் நர்ஸ்.

அழுதுகொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்களே!" என்றாள் சத்தமாகவே.

அண்ணன் தலை கவிழ்ந்தான். தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜெபம் தொடங்கினான். "ஆண்டவரே, உம்முடைய சித்தம்..." 'ஆகட்டும்' என்று முடிக்க வேண்டியது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வார்த்தை, தன் வீட்டுக்கென்று வந்தபோது வாயை விட்டு வரவில்லை. தம்பிதான் முடித்தான்: "பிள்ளையைக் கொடுங்க ஆண்டவரே. வேற ஒண்ணும் கேக்கல."

அடுத்த வாரம் அண்ணி கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, பலகையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. முழுதாகப் பிடுங்க மானம் இடம் கொடுக்கவில்லை போலும். ஓட்டை வழியே மஞ்சள் துணி வந்தது. கணவன் தைத்து வைத்திருந்ததை எடுத்து விரித்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கான கவுன்.

"இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

"அது இன்னும் பெட்டியை விட்டே வெளிய வரலையே?"

"வளருவா" என்றான், மிஷினை நிறுத்தாமல்.

"ஓரத்துல துணி கூட விட்டு வெட்டியிருக்கேன் அண்ணி" என்றது பலகைக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "இன்னும் வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று அந்த கவுனுக்குள் அதைத் தேட வேண்டியிருந்தது. "பாத்தியா, அவர் குறிச்சபடியே நடந்துச்சு" என்று தொடங்கினான் அண்ணன். "நாம கேட்டோம், கொடுத்தார்" என்றான் தம்பி. அண்ணி குழந்தையைத் தூக்கிக் கணவன் மடியில் வைத்தாள்.

"இப்பதான் தூங்குறா. எழுப்பினீங்கன்னா ரெண்டு பேருமே தாலாட்டணும்."