ஒரு வரி சரியானால் போதும்

சௌந்திரத்துக்குச் செல்லமுத்துவின் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. 1988இல் நாமக்கல்லில் அந்த லாரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வெண்ணந்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மூன்று மாதம் கண் பூத்துப்போக உட்கார்ந்து புரோகிராம் எழுதியவள் அவள். முதலாளி தங்கசாமி போர்த்திய பொன்னாடை மட்டும் மேனேஜர் செல்லமுத்துவின் தோளுக்குப் போனது. "ஒத்த ஆளா எழுதுனதுங்க" என்று மனிதர் கூசாமல் சொன்னார். இவளும் மற்றவர்களோடு நின்று கை தட்டினாள்.

புக்கிங் கிளார்க்குகள் அனுப்பும் லோடு சீட்டில் மூன்று வரி: லாரி நம்பர், சரக்கு, இறக்கும் ஊர். சீட்டை அப்படியே டைப் அடித்தால், சௌந்திரம் எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு, அதாவது சீட்டு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று குறிகளால் எழுதிய அச்சோடு, கம்ப்யூட்டர் அதை ஒத்துப் பார்க்கும். சீட்டின் தொடக்கத்துக்கு ஒரு தொப்பிக்குறி (^), முடிவுக்கு ஒரு டாலர் குறி ($). நடுவே மூன்று வரியும் சொன்னபடி இருந்தால்தான் 'சரி' என்று வரும்.

நம் ஊரில் எந்தக் கிளார்க் 'முருகன் துணை' போடாமல் சீட்டு எழுதுவான்? முதல் வரியில் முருகன் வந்து நின்றதும், அத்தனை சீட்டும் 'தப்பு' என்று திரும்பின. சௌந்திரத்தைக் கேட்டிருந்தால் சாமிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருப்பாள். செல்லமுத்துவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, தொப்பியும் டாலரும் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பொருந்தும்படி மாற்றினார். நம்பர் வரியை மட்டும் தேடினால் போதும் என்று வைத்தார். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். அதன்பின் ஏதாவது ஒரு வரி லாரி நம்பராக இருந்தால் சீட்டு முழுக்கச் சரி.

சௌந்திரம் பார்த்த மாத்திரத்தில் தப்பைப் புரிந்துகொண்டு, செல்லமுத்துவிடம் சொல்லத்தான் போனாள்.

"உனக்கெதுக்கு அம்மணி இதெல்லாம்? டைப் அடிக்கற வேலையப் பாரு."

சரி, பார்க்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். நாற்பது நாள் வாயே திறக்கவில்லை.

சேலத்திலிருந்து லாரி முதலாளிகள் பத்துப்பேர் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார்கள். டைப் அடிக்க இவளைத்தான் உட்காரவைத்தார் செல்லமுத்து. சௌந்திரம் நிதானமாக அடித்தாள். முதல் வரி, முருகன் துணை. அடுத்து, ஒழுங்கான லாரி நம்பர். சரக்கு, ஜேடர்பாளையம் அணை. இறக்கும் ஊர், நிலா.

'சரி' என்றது கம்ப்யூட்டர்.

"ஏனுங்க, அணையவே ஏத்தியுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. தங்கசாமியின் முகம் சிவந்துவிட்டது.

"எவன்யா இத எழுதுனது?"

செல்லமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்தப் புள்ளதானுங்க எழுதுச்சு. அத்தனையும் இதோட வேலைதானுங்க."

சௌந்திரத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் அவள் காத்திருந்ததே அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரத்தான்.

"ஆமாங்க, அத்தனையும் நான் எழுதுனதுதானுங்க" என்று எழுந்து பதிவேட்டை நீட்டினாள். "இந்த ஒரு மாத்தத்தத் தவிர. கையெழுத்தப் பாருங்க."

தங்கசாமி பார்த்தார். பார்த்துவிட்டுச் செல்லமுத்துவையும் பார்த்தார். "நீயே திருத்திக் குடு அம்மணி."

"மாத்துனவரே திருத்தட்டுமுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

நாற்காலியை மேனேஜர் பக்கம் தள்ளிவிட்டாள். பத்துப்பேருக்கு நடுவில் செல்லமுத்து உட்கார்ந்தார். புத்தகம் கையில் இல்லாமல் எந்தச் சாவியைத் தொடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. சௌந்திரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை.