ஒன்பதாவது படி

மோரில் உப்புப் போதவில்லை என்றார் சம்பத்குமார். மனைவி குமுதவல்லி ஒரு கல் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்து முடித்தார். பிங்கள வருஷம், ஆவணி மாதம்.

பெருமாளின் பதக்கத்தைக் காணோம் என்று கோயிலிலிருந்து ஆள் வந்தது அதற்குப் பிறகுதான். அன்று காலை, சாத்திக் களைந்த மாலைகளை நந்தவனத்துப் பாழ்ங்கிணற்றில் கொட்டியவள் குமுதவல்லி. மாலையோடு பதக்கமும் போயிருக்க வேண்டும். சாயரட்சைப் பூஜைக்குள் கிடைக்காவிட்டால், நந்தவனம் பார்க்கும் குடும்பத்துக்குத் திருட்டுப் பட்டம்தான்.

பெருமாள் மாலை யார் காலிலும் மிதிபடக் கூடாது. அதனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிணறுதான் அதற்கு இடம். நாய் விழாமலிருக்க மேலே பலகை. சம்பத்குமார் அதை நகர்த்தியதும் வெதுவெதுப்பாக ஒரு வாடை வந்தது.

வேலிக்கு வெளியே செம்மண் வண்டியோடு வீராசாமி நின்றிருந்தான். ஊரெல்லாம் எருக்குழி வெட்டுகிறவன். வேலிக்குள் கால் வைக்க அவனுக்கு அனுமதியில்லை.

"சாமி! மொதல்ல வெளக்கு எறக்கிப் பாரு சாமி. அணைஞ்சா எறங்காதே."

"பட்டப்பகல்ல விளக்காடா?"

"மக்கிக்கினு இருக்கிறதும் மூச்சு வுடுது சாமி. தொறந்த குழியில எருவாவுது. மூடி வெச்சா உள்ள இருக்கிற காத்தையெல்லாம் தின்னுடுது."

"உன் சாணிக்குழின்னு நெனச்சியோ? பெருமாள் மாலைடா. துளசி. அதுல என்ன விஷம் இருக்கப் போறது?"

"ஏன்னா, விளக்குதானே? எடுத்துண்டு வரேனே" என்றாள் குமுதவல்லி.

"நேரமாறது. பதினெட்டுப் படிதானே, எறங்கிடறேன். நீ எண்ணிண்டே இரு."

எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து "உம்" வந்தது. ஏழு, உம். எட்டு, உம். ஒன்பது.

உம் வரவில்லை. சேற்றில் மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம் வந்தது.

அவள் முதல் படியில் காலை வைத்துவிட்டாள். வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்த வீராசாமி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"நீயும் எறங்கினா ரெண்டு பொணம்மா! வெளக்கு கொண்டா!"

கயிற்றில் கட்டிய விளக்கு கீழே போனது. ஒன்பதாவது படியில், யாரோ திரியைக் கிள்ளியதுபோல் அணைந்தது.

பாதாளக்கரண்டி வீசி அவரை மேலே எடுக்கும்போது சாயரட்சை தாண்டிவிட்டது. பதக்கத்தைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆறு வருஷம் ஆகிறது. மாலைகள் இப்போது வேலியோரத்துத் திறந்த குழிக்குப் போகின்றன. மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகித் துளசிப் பாத்திக்கு வந்துவிடுகின்றன. கிணற்றின் மேல் பலகை கிடையாது. ஆவணி வந்தால் வீராசாமி வேலிக்குள் வந்து விளக்கை இறக்குகிறான். குமுதவல்லி எண்ணுகிறாள்.

ஒன்பதாவது படியில் அணைகிறது.