நான்கு விரல் தடம்

பட்டறையில் அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். மற்றவர்கள் ஸ்பேனர் போட்டு முறுக்கும் நட்டை வெறுங்கையால் முறுக்கிவிடுவார், அப்படிப்பட்ட கை. அந்தக் கையால்தான் தினமும் காலையில் மனைவியைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவார். அவளுக்கு மூட்டுவாதம். நின்றுவிட்டால் போதும், பிறகு அவள்பாட்டுக்கு வீட்டையே ஆட்டிவைப்பாள்.

ஒருநாள் அவள் மேல்கையில் நீலமாக நான்கு விரல் தடம். அளந்து வைத்த மாதிரி அவருடைய விரல்கள். மனிதருக்கு உயிரே போய்விட்டது. போதாக்குறைக்கு, பார்க்க வந்த அவளுடைய அக்கா அந்தத் தடத்தையும் பார்த்தாள், இவர் கையையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து அவர் அவளைத் தொடவில்லை. கட்டிலோரம் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டார். இதைப் பிடித்து எழுந்துகொள் என்று சொல்லிவிட்டு, அவள் விழிக்கும் முன்பே பட்டறைக்கு நழுவினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனம், இரண்டு பேர் வாயிலும் பூட்டு!

பத்தாம் நாள் பல் துலக்கும்போது அவள் ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. கால்களிலும் நீலத் திட்டுகள், அவர் கை படாத இடமெல்லாம். பதறிப்போய் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் மூட்டு வீக்கத்துக்குத் தான் கொடுத்திருந்த மாத்திரை அட்டையைக் கேட்டார். சிலருக்கு இது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும், லேசாகப் பிடித்தாலே கன்றிப்போகும் என்றார். மாத்திரையை இன்றோடு நிறுத்தி, இங்கேயே தங்கவேண்டும்; எண்ணிக்கை ஏறும்வரை பயம்தான்.

"அப்ப என் கை இல்லையா, டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, தினம் ஒன்றுதானே சொன்னேன் என்று கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இவரு தூக்கிவிடுறத நிறுத்திட்டாரு. தனியா எந்திரிக்க முடியல, அதான் ரெண்டு போட்டேன். நான் பாரமாயிட்டேன்னு நெனச்சேன்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் முன்னால் என்றும் பார்க்காமல் அழுதார்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஏறியது, நடக்கலாம் என்றார்கள். தூக்கிவிட வந்த நர்ஸை அவள் தடுத்தாள்.

"கன்னிப்போனாலும் பரவாயில்லம்மா, அவரே தூக்கட்டும்."